மின்னணுவியல் புராஜெக்ட்: வேலை செய்யாத கருவிக்கு மதிப்பெண் உண்டா? வழிகாட்டிக் குறிப்பு எழுதுகிறேன், கருத்துச் சொல்லுங்கள்

செம்புக்கம்பி:

வணக்கம். பள்ளி மேல்வகுப்புகளுக்கு மின்னணுவியல் எடுக்கிறேன். மாணவர் புராஜெக்டுக்கான வழிகாட்டிக் குறிப்பைத் திருத்தி எழுதும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. இப்போது இருப்பது ஒரே பக்கம். ‘பயனுள்ள ஒரு கருவியைச் செய்து ரெக்கார்டுடன் ஒப்படைக்கவும்’ என்பதுதான் அதன் சாரம்.

அதனால் கடைசி நாளில் மேசை நிறைய கருவிகள் வந்து சேர்கின்றன. இருட்டினால் எரியும் விளக்கு, தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம், கைதட்டினால் எரியும் பல்பு. எல்லாம் வேலையும் செய்கிறது. ‘இந்த 10 கிலோஓம் ரெசிஸ்டர் எதற்குப்பா?’ என்று கேட்டால் பாதிப் பேர் விட்டத்தைப் பார்க்கிறார்கள்.

என் வரைவில் 50 மதிப்பெண்ணை இப்படிப் பிரித்திருக்கிறேன்: தேவையை எழுத 5, வடிவமைப்புக்கு 10, கட்டுவதற்கு 10, சோதனைக்கு 15, கடைசி மதிப்பீட்டுக்கு 10. கருவி முழுசாக வேலை செய்வதற்கென்று தனி மதிப்பெண் வைக்கவில்லை. சக ஆசிரியர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ‘ஓடாத பொருளுக்கு 40 கொடுப்பீர்களா?’ என்கிறார்கள். கொடுப்பேன். ஆனால் அதைச் சண்டை வராத மாதிரி குறிப்பில் எப்படி எழுதுவது?

டிக்டிக் ரிலே:

நான் ஆசிரியர் இல்லை சார், சர்க்யூட் போட்டுப் பிழைப்பவன். உங்கள் சக ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓடாத போர்டை வைத்துக்கொண்டு யாரும் சம்பளம் வாங்க முடியாது. ஆனால் ‘ஓடுகிறது’ என்றால் என்ன என்று யார் முடிவு செய்தார்கள்? அங்கேதான் சிக்கலே.

‘இருட்டினால் விளக்கு எரிய வேண்டும்’ என்று எழுதினால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது. ‘வெளிச்சம் 10 லக்ஸுக்குக் கீழே போனால் 2 வினாடிக்குள் எரிய வேண்டும், 30 லக்ஸைத் தாண்டினால் அணைய வேண்டும், விளக்கு எரியாதபோது 9 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது’ என்று எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு சோதனை ஆகிவிடும். அப்புறம் ‘ஓடுகிறதா இல்லையா’ என்ற சண்டையே வராது. மூன்றில் இரண்டு நிறைவேறியது, மூன்றாவது ஏன் நிறைவேறவில்லை என்று பையனே சொல்லிவிடுவான். லக்ஸ் அளக்க மீட்டர் இல்லாவிட்டால் கைபேசிச் செயலி போதும். துல்லியம் குறைவுதான், ஆனால் எந்தக் கைபேசியில் அளந்தான் என்று எழுதிவிட்டால் சரி.

தேவையை எழுத 5 மதிப்பெண் போதாது என்பது என் கருத்து.

மறுபார்வை மேடம்:

பல பள்ளிகளிலிருந்து வரும் புராஜெக்டுகளை மறுமதிப்பீடு செய்வது என் வேலை. கருவி என் கைக்கு வராது. நோட்டு, படங்கள், சில நேரம் சின்ன வீடியோ, இவ்வளவுதான். அதனால் மேசையில் கருவி எரிந்ததா என்பதைவிட, எழுதிவைத்திருப்பதைக் கொண்டு மாணவனின் யோசனையைப் பின்தொடர முடிகிறதா என்றுதான் பார்க்கிறேன்.

ஒரு உதாரணம். 1971ல் ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்த 555 என்ற டைமர் சிப் (ஐசி) இன்னும் பள்ளி மேசையை விட்டு இறங்கவில்லை. அதை வைத்து ஒருமுறை மட்டும் ஓடும் டைமர் செய்கிறார்கள். 100 கிலோஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சூத்திரம் 1.1 ஆர்சி (1.1 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர்), விடை 11 வினாடி. ஒரு நோட்டில் ‘கணக்கிட்டது 11, அளந்தது 11.0, சரியாக உள்ளது’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘கணக்கிட்டது 11, ஐந்து முறை அளந்ததில் சராசரி 13.1. கெப்பாசிட்டரைத் தனியாகக் கழற்றி அளந்தேன், 118 மைக்ரோஃபாரட் காட்டியது. அதைப் போட்டால் 12.98 வருகிறது’ என்று இருக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சாதாரணம். ரெசிஸ்டரிலும் 5 சதவீதம் வரலாம். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்துகிற பிள்ளைக்கு 11.0 அச்சாக வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இரண்டாவது நோட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்க நான் யோசிப்பதே இல்லை. அந்த டைமர் கடைசியில் எதையும் இயக்காமல் போயிருந்தாலும் சரி.

உங்கள் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள் சார்: ஒவ்வொரு பகுதியையும் இணைப்பதற்கு முன்னால் தனியாகச் சோதிக்க வேண்டும், என்ன வரும் என்று முன்கூட்டியே எழுதி, பிறகு அளக்க வேண்டும். உணரி ஒரு பகுதி, ஒப்பிடும் சுற்று ஒரு பகுதி, ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்குவது ஒரு பகுதி. கடைசிப் பகுதி படுத்துவிட்டாலும் முதல் இரண்டுக்கும் சான்று கையில் இருக்கும். ‘ஓடாததற்கு 40 எப்படி’ என்று கேட்பவர்களிடம் அந்தப் பக்கங்களைக் காட்டலாம்.

பச்சை எல்இடி:

நான் மாணவி. நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். சார், எங்கள் நோட்டை எல்லாரும் கடைசி வாரத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறோம். தேதிகளைப் பின்னோக்கிப் போட்டுக்கொள்வோம். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. அன்றன்றைக்கு எழுதினால் கிறுக்கலாக இருக்கிறது, ‘நீட்டாக இல்லை’ என்று மதிப்பெண் குறைகிறது. பிறகு எதற்கு எழுதுவது?

மறுபார்வை மேடம்:

@பச்சை எல்இடி, நல்லாக் கேட்டாய் அம்மா. நீட்டுக்கு மதிப்பெண் வைப்பதுதான் தப்பு. குறிப்பில் இதை வெளிப்படையாக எழுத வேண்டும் சார்: ‘அடித்தல் திருத்தலுக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. படித்தால் புரிந்தால் போதும்.’ வாரம் ஒருமுறை ஆசிரியர் நோட்டின் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டால் பின்தேதிக் கதை முடிந்தது. திருத்த வேண்டாம், படிக்கக்கூட வேண்டாம். ஒரு கோடு, ஒரு கையெழுத்து.

ஆய்வக அலமாரி:

ஆய்வகப் பொறுப்பு என்னுடையது. மதிப்பெண் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் மல்டிமீட்டர். பாதி நேரம் ஃபியூஸ் போன மீட்டரோடுதான் பிள்ளைகள் மல்லுக்கட்டுகிறார்கள். ஒருவன் மின்னோட்டம் அளந்த நிலையிலேயே மீட்டரை விட்டுப் போவான். அடுத்தவன் அப்படியே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து வோல்ட் பார்ப்பான். ஃபியூஸ் காலி. மூன்றாமவன் மின்னோட்டம் அளக்க அதையே சர்க்யூட்டில் தொடராகச் சேர்ப்பான், சுழியம் காட்டும், சர்க்யூட்டும் நின்றுவிடும். ‘என் டிசைன் வேலை செய்யவில்லை’ என்று நோட்டில் எழுதிவிடுவான், பாவம். தெரிந்த ஒரு ரெசிஸ்டரையும் பேட்டரியையும் வைத்து மீட்டரைச் சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவதைக் குறிப்பிலேயே முதல் படியாகப் போடுங்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. வீட்டு மின்சாரத்தைத் தொடும் எந்தப் புராஜெக்டுக்கும் நான் சாவி தரமாட்டேன். ரிலேயின் அந்தப் பக்கத்தில் பல்பு எரிந்தே தீர வேண்டும் என்றால் 12 வோல்ட் பல்பு போடட்டும், நிரூபிக்க அது போதும். பழைய ஃப்ளாஷ் கேமராவைப் பிரித்துக்கொண்டு வருகிறார்கள். அதன் கெப்பாசிட்டர் 300 வோல்ட் வரை ஏறும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதிலேயே நிற்கும். குப்பையிலிருந்து எடுத்த லித்தியம் செல்லும் வேண்டாம். சால்டரிங் புகையில் ஈயம் இருக்கிறது என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அந்த வெப்பத்தில் ஈயம் ஆவியாகிக் கிளம்பாது. புகை வருவது சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசினிலிருந்து, ஆஸ்துமாவைக் கிளப்பி விடுவது அதுதான். ஈயம் கையில் ஒட்டிக்கொண்டு வாய்க்குப் போகும். ஆகவே புகைக்கு விசிறி, ஈயத்துக்குச் சோப்பு.

புதிதாகக் கட்டிய போர்டுக்கு முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது பவர் சப்ளையில் 100 மில்லிஆம்பியர் வரம்பு வைத்துத்தான் கொடுக்கிறேன். ஸ்ட்ரிப் போர்டில் ஐசிக்கு அடியில் எதிரெதிர்க் கால்களை இணைத்துக்கொண்டு போகும் தாமிரப் பட்டையை வெட்ட மறந்துவிடுவார்கள். 555ல் 1ஆம் காலுக்கு நேர் எதிரே இருப்பது 8ஆம் கால். ஒன்று தரை, மற்றது சப்ளை. வெட்டாவிட்டால் நேரடி ஷார்ட். வரம்பு இருந்தால் மீட்டர் முள் மட்டும் ஏறும், பிள்ளை நிதானமாகத் தேடிக் கண்டுபிடிக்கலாம். இல்லையென்றால் புகைதான்.

டிக்டிக் ரிலே:

அலமாரி அண்ணா சொன்ன ஷார்ட்டைத் தானாகத் தேடிக் கண்டுபிடித்த பையனுக்குச் சோதனைப் பகுதியில் மதிப்பெண் கொடுங்கள் சார். எங்கள் வேலையில் பாதி அதுதான். ‘என்ன பார்த்தேன், என்ன சந்தேகப்பட்டேன், எதை அளந்தேன், எது காரணம்’ என்று நாலு வரி. முதல் தடவையிலேயே ஓடிவிட்ட சர்க்யூட்டில் இந்த நாலு வரி எழுத வாய்ப்பே கிடைக்காது.

அதிருக்கட்டும், அர்டுயினோவை (நிரல் எழுதி இயக்கும் அந்தச் சின்ன போர்டை) என்ன செய்யப் போகிறீர்கள்?

செம்புக்கம்பி:

அதைத் தடை செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன். கட்டித் தயாராக விற்கும் நாலு மாட்யூலை வாங்கிக் கம்பியால் இணைத்து, இணையத்திலிருந்து நிரலை ஒட்டினால் ஒரு மாலையில் முடிந்துவிடுகிறது. எதற்கு மதிப்பெண் கொடுப்பது?

டிக்டிக் ரிலே:

தடை வேண்டாம் சார். வெளியே எல்லாக் கருவியிலும் நிரல் ஓடும் சிப்பான மைக்ரோகண்ட்ரோலர்தான் உட்கார்ந்திருக்கிறது. மாட்யூலை மட்டும் தடை செய்யுங்கள். போர்டு இருக்கட்டும், உள்ளே வரும் சிக்னலையும் வெளியே போகும் மின்னோட்டத்தையும் மாணவன் தனித்தனி பாகங்களால் கட்டட்டும்.

ரிலேயையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாகக் கிடைக்கும் 5 வோல்ட் நீல ரிலேயின் சுருள் சுமார் 70 ஓம். 5 வோல்ட்டில் 71 மில்லிஆம்பியர் இழுக்கும். அர்டுயினோ ஊனோ போர்டின் ஒரு காலிலிருந்து எடுக்கத் தக்கது 20, அதில் இருக்கும் ஏடிமெகா328பி சிப் தாங்கும் உச்ச வரம்பே 40. ஆக நேரடியாகக் கொடுக்க முடியாது, ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். முழுசாக ஆன் ஆக, பெருக்கத்தை 20 என்றே வைத்துக்கொண்டால் பேஸுக்கு (டிரான்சிஸ்டரை இயக்கும் கால்) 3.5 மில்லிஆம்பியர். 5 வோல்ட்டில் பேஸ் எடுத்துக்கொள்ளும் 0.7 போக மிச்சமுள்ள 4.3 வோல்ட்டை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 1.2 கிலோஓம். சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். இந்தப் பத்தியை மாணவன் சொந்தமாக எழுதினால் வடிவமைப்பு மதிப்பெண்ணுக்கு அது ஒன்றே நிறையச் சொல்லிவிடும். மாட்யூலில் இது அத்தனையும் முன்பே கட்டி வந்துவிடுகிறது, அவன் எழுத ஒன்றும் மிச்சமில்லை.

நிரலுக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கலாம். ‘டிலே (நிரலைக் காத்திருக்க வைக்கும் கட்டளை) ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்?’ சொந்தமாக எழுதியவன் அதில் ஒருமுறையாவது அடிபட்டிருப்பான்.

ஓரமாக நிற்பவன்:

ஒரு மாணவனின் அப்பா என்ற முறையில் கேட்கிறேன். காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை பளபளப்பான பெட்டி, தொடுதிரை என்று வாங்கி வருகிறான். என் பையன் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைக்கிறான். பார்த்தவுடனே எதற்கு மதிப்பெண் விழும்? இன்னொன்று, வீட்டில் படித்த அண்ணன் இருந்தால் பாதி வேலை அவன் செய்துவிடுகிறான். இதையெல்லாம் யார் பார்ப்பது?

மறுபார்வை மேடம்:

ஐயா, பெட்டிக்கு மதிப்பெண்ணே வைக்கக் கூடாது என்பது என் பக்கம். போர்டு ஆடாமல் நிற்கிறதா, கம்பி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கிறதா, அவ்வளவு பார்த்தால் போதும். பாகங்கள் பள்ளிக் கையிருப்புப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும், வெளியே வாங்கினால் காரணம் எழுத வேண்டும் என்று வைத்தால் வீட்டுக் காசின் வேகம் பாதி குறையும். கட்டும் வேலை பள்ளி நேரத்தில், பள்ளியிலேயே.

அண்ணன் விஷயத்தை முழுசாகத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. உதவி வாங்குவது குற்றம் இல்லை, மறைப்பதுதான் பிரச்சினை. யார் எதைச் சொன்னார்கள் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் உதவியும் அப்படியே. தப்பு எங்கே இருக்கிறது என்று ஆசிரியரே காட்டிவிட்டால், அந்தப் பிழை கண்டுபிடித்ததற்கான மதிப்பெண் மட்டும் போகும்; அதற்குப் பிறகு அவன் செய்வதெல்லாம் அவனுடையதே. இதைத் தெளிவாக எழுதாவிட்டால் ஆசிரியர் பயந்துபோய் எதற்கும் வாய் திறக்கமாட்டார், பிள்ளை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்கும்.

கடைசியில் ஐந்து நிமிட வைவா. மனப்பாடக் கேள்வி வேண்டாம். அவன் போர்டையே காட்டி, ‘இந்த 10 கிலோஓமை எடுத்துவிட்டு 100 கிலோஓம் வைத்தால் என்ன மாறும்?’ என்று கேளுங்கள். அண்ணன் கட்டியதா அவன் கட்டியதா என்று தெரிந்துவிடும். பதில் தப்பாக இருந்தாலும் யோசிக்கும் திசை தெரியும்.

ஆய்வக அலமாரி:

பட்டியல் நல்ல யோசனை. ஆனால் தயவுசெய்து தேவையான பாகங்களின் பட்டியல் கட்டத் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே என் கைக்கு வர வேண்டும். அன்று காலையில் வந்து ‘4.7 மெகாஓம் இருக்கா அண்ணா’ என்று கேட்டால் நான் எங்கே போவேன்?

செம்புக்கம்பி:

அதையும் சேர்த்துக்கொள்கிறேன் அண்ணா. பிரிவையும் மாற்றிவிட்டேன்: தேவை 8, வடிவமைப்பு 10, கட்டுவது 8, சோதனை 16, மதிப்பீடு 8. கடைசி மதிப்பீட்டில் எல்லாரும் ‘நேரம் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன்’ என்றுதான் எழுதுகிறார்கள், அதற்கு 10 அதிகம். இனிமேல் தேவையில் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அளந்த எண்ணை வைத்துப் பேசினால்தான் அந்த 8.

குழுவாகச் செய்வதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

மறுபார்வை மேடம்:

ஆளுக்கு ஒரு பகுதி, ஆளுக்கு ஒரு நோட்டு. இரண்டு பகுதி சேரும் இடத்தில் எத்தனை வோல்ட் வரும் என்று இருவரும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அது இல்லாத குழு வேலையை என்னால் மதிப்பிடவே முடிந்ததில்லை.

பச்சை எல்இடி:

மறுபடியும் நான்தான். என் புராஜெக்டே அந்த இருட்டு விளக்கு. எல்டிஆர் (வெளிச்ச உணரி), எல்எம்393 (ஒப்பிடும் சிப்), வெள்ளை எல்இடிகள். சரியாக மாலை நேரத்தில் விளக்கு படபடவென்று துடிக்கிறது. விளக்கின் வெளிச்சம் எல்டிஆர் மேலேயே விழுவதால் என்று நினைக்கிறேன். 470 கிலோஓம் வைத்து அவுட்புட்டிலிருந்து பின்னூட்டம் கொடுத்தேன், எரியும் புள்ளிக்கும் அணையும் புள்ளிக்கும் நடுவே 0.2 வோல்ட் இடைவெளி வந்தது. ஆனாலும் துடிப்பு நிற்கவில்லை. ஏன்?

டிக்டிக் ரிலே:

விடையைச் சொன்னால் மேடம் கோபித்துக்கொள்வார், அதனால் ஒரு அளவு மட்டும் கேட்கிறேன் தங்கச்சி. துடிக்கும் அந்த மாலை வெளிச்சத்தில், எல்டிஆரும் ரெசிஸ்டரும் சேரும் இடத்தில் விளக்கு அணைந்திருக்கும்போது எத்தனை வோல்ட்? எல்இடிகளுக்குத் தனியாக மின்சாரம் கொடுத்து எரியவிட்டால் எத்தனை வோல்ட்? இரண்டையும் எடுத்துக்கொண்டு வா.

பச்சை எல்இடி:

அளந்தேன் அண்ணா. அணைந்திருக்கும்போது 4.41, எரியும்போது 4.93. வித்தியாசம் 0.52. என் இடைவெளி 0.2தான். அதனால்தான் தாண்டித் தாண்டிப் போகிறது! கறுப்பு டேப் சுற்றிய ஒரு சின்னக் குழாயை எல்டிஆருக்கு மேலே மாட்டினேன். இப்போது 4.40, 4.48. துடிப்பு நின்றுவிட்டது. பின்னூட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் குழாய் இருந்தும் லேசாகத் துடிக்கிறது, அதனால் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

இதை வடிவமைப்பில் எழுதுவதா, சோதனையில் எழுதுவதா?

மறுபார்வை மேடம்:

இன்றைய தேதி போட்டு, நடந்த வரிசையிலேயே எழுது. எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரித்து எடுப்பது எங்கள் வேலை. அளக்கச் சொன்னது இணையத்தில் ஒருவர், குழாய் உன் யோசனை என்பதையும் சேர்த்து எழுதிவிடு.

ஆய்வக அலமாரி:

குழாய்க்கு என் மார்க்கர் பேனா மூடியைத்தான் எடுத்தாயா? பட்டியலில் சேர்.